குமரிக் கடலில் முதல் ஸ்கூபா: படகில் ஏறும் முன் கேட்கும் கேள்விகள்

விடுமுறைக்குக் கன்னியாகுமரி வருகிறவர்கள் சூரிய உதயம் பார்க்கிறார்கள், விவேகானந்தர் பாறைக்குப் போகிறார்கள், திற்பரப்பில் குளிக்கிறார்கள். இப்போது சிலர் கடலுக்குள்ளே இறங்கிப் பார்க்க முடியுமா என்றும் கேட்கிறார்கள். ஒரு கைடோடு படகில் போய், டேங்கை முதுகில் மாட்டி, அதிகம் போனால் 12 மீட்டர் ஆழம் வரை இறங்கிவிட்டு வரும் பயணத்தைப் பற்றியது இந்தப் பக்கம். இதற்கு முன் ஒரு தடவைகூட இறங்காதவர்களுக்காக எழுதியிருக்கிறேன். வெளியூரிலிருந்து வரும் உறவினர்களும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்தான் இவை.

நீச்சல் தெரியாது. போகலாமா?

ஒரு நாள் அனுபவத்துக்கான டைவுக்கு நீச்சல் கட்டாயம் என்று பல பயிற்சி அமைப்புகள் சொல்வதில்லை. கைடு உங்களைப் பிடித்துக்கொண்டேதான் வருவார். ஆனாலும் முகத்தில் தண்ணீர் பட்டாலே பதறுகிறவர் நேரே கடலில் தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. முதலில் ஒரு நீச்சல் குளத்தில் மிதக்கப் பழகுங்கள். மாஸ்க் போட்டு, வாயால் மட்டும் மூச்சுவிட்டுப் பாருங்கள். அங்கே பிடித்திருந்தால் கடலிலும் பிடிக்கும். சான்றிதழ் தரும் ஓப்பன் வாட்டர் பயிற்சிக்குப் போனால் 200 மீட்டர் நீந்தவும் 10 நிமிடம் மிதக்கவும் தெரிந்திருக்க வேண்டும். குழந்தைகளுக்குக் கடலில் குறைந்தபட்ச வயது பொதுவாக 10.

முதுகில் மாட்டுவது ஆக்ஸிஜன் சிலிண்டர்தானே?

இல்லை. நாம் இப்போது சுவாசிக்கும் இதே காற்றுதான். ஐந்தில் ஒரு பங்கு ஆக்ஸிஜன், மீதி பெரும்பாலும் நைட்ரஜன். அதை 200 பார் அழுத்தத்தில், அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல் சுமார் 200 மடங்கில், அடைத்திருப்பார்கள். சுத்த ஆக்ஸிஜனைச் சுவாசித்துக்கொண்டு 6 மீட்டருக்குக் கீழே போனால் வலிப்பு வரும் அபாயம் உண்டு. சுத்த ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒன்று இருக்கத்தான் வேண்டும், ஆனால் படகில், முதலுதவிக்காக.

எவ்வளவு நேரம் தாங்கும் என்பது ஆழத்தையும் உங்களையும் பொறுத்தது. 10 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைவிட இரண்டு மடங்கு. அதனால் காற்றும் இரண்டு மடங்கு வேகத்தில் தீரும். பதற்றத்தில் மேல்மூச்சு வாங்குகிறவருக்கு இன்னும் சீக்கிரம் தீர்ந்துவிடும். முதல் தடவை அரைமணி நேரம் கீழே இருந்தாலே நல்ல டைவ்.

மூச்சை அடக்க வேண்டுமா? எங்கள் ஊரில் சிப்பி எடுக்க முங்குகிறவர்கள் அடக்கிக்கொண்டுதானே போகிறார்கள்?

குமரி மாவட்டத்துக்காரர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. கடியபட்டணம், குளச்சல் பக்கம் பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பியைப் பெயர்த்தெடுக்க டேங்க் இல்லாமல் முங்குகிறவர்களைப் பார்த்து வளர்ந்த யாருக்கும் இந்தச் சந்தேகம் வரும்.

அவர்கள் மேலே நின்று ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு போகிறார்கள். கீழே அழுத்தத்தில் அந்தக் காற்று சுருங்கும். மேலே வரும்போது பழைய அளவுக்குத் திரும்பும், அதைத் தாண்டி விரியாது. ஸ்கூபாவில் நிலைமை வேறு. 10 மீட்டர் ஆழத்தில், அந்த அழுத்தத்திலேயே உங்கள் நுரையீரல் நிரம்புகிறது. அந்த மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் 3 லிட்டர் காற்று 6 லிட்டராக விரியப் பார்க்கும். நுரையீரல் அதைத் தாங்காது, கிழியும். காற்றுக் குமிழி ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. இதற்குப் பெரிய ஆழம்கூட வேண்டாம். நீச்சல் குளத்தின் ஆழமான மூலையே போதும்.

அதனால் ஒரே விதி: மூச்சை நிறுத்தக் கூடாது. மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். டேங்கின் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டர் வாயிலிருந்து கழன்றுவிட்டாலும் உதட்டைக் குவித்துச் சிறு குமிழியாகக் காற்றை விட்டுக்கொண்டே இருங்கள். மேலே வரும்போது நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகம் வேண்டாம். நீங்கள் விடும் சின்னக் குமிழியை முந்திப் போகாமல் வந்தால் சரி.

காது வலிக்கும் என்கிறார்களே?

வலிக்கும் வரை விட்டால் வலிக்கும். முதல் டைவில் பலருக்குப் பிரச்சினை முதல் சில மீட்டரில்தான். காதுக்குள் இருக்கும் காற்று மிக வேகமாகச் சுருங்குவது அங்கேதான்.

மாஸ்க்கோடு சேர்த்து மூக்கைப் பிடித்து, வாயை மூடிக்கொண்டு, மூக்கு வழியாக ஊதுவது போல லேசாக அழுத்துங்கள். காதில் 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும். இதைத் தலை தண்ணீருக்குள் போன உடனே தொடங்கி, ஒவ்வொரு மீட்டருக்கும் செய்ய வேண்டும். வலி வந்த பிறகு செய்வது தாமதம். திறக்கவில்லையென்றால் பலமாக ஊதாதீர்கள். காதைச் சுட்டி, உள்ளங்கையை இப்படியும் அப்படியும் ஆட்டிக் கைடுக்குக் காட்டுங்கள். அரை மீட்டரோ ஒரு மீட்டரோ மேலே வந்து மறுபடி முயலுங்கள். இரண்டு மூன்று தடவை பார்த்தும் திறக்காவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். கட்டிய பணத்தை நினைத்து வலியோடு இறங்கினால் செவிப்பறை கிழிந்துபோகும்.

சளி பிடித்திருந்தால் போகவே வேண்டாம். மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கினால், கீழே இருக்கும்போது மருந்தின் வேகம் குறைந்துவிடலாம். அப்புறம் மேலே வரும்போது உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் காதும் நெற்றியும் வலிக்கும்.

எந்த மாதம் வருவது நல்லது?

ஜனவரி முதல் மார்ச் வரை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, கலங்கல் அடங்கி, தென்மேற்குக் காற்று இன்னும் தொடங்காத இடைவெளி அது.

குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலமும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் மணக்குடி, முட்டம், குளச்சல், நீரோடி என்று மேற்குப் பக்கம் முழுக்க அலை நேராக வந்து அடிக்கும். கிழக்கே சின்னமுட்டம் பக்கம் கொஞ்சம் ஒதுக்கமாகத் தெரிந்தாலும், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று சும்மா விடாது. முப்பந்தலில் அவ்வளவு காற்றாலைகள் நிற்பது அந்தக் காற்றுக்காகத்தான். அந்த மாதங்களில் ஆழத்துக் குளிர்ந்த தண்ணீர் மேலே ஏறி வருவதால் கடல் பச்சையாக மாறும். மீன்களுக்கு அது கொண்டாட்டம், நமக்கோ எதுவும் தெரியாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை வெள்ளத்தைப் பழையாறு மணக்குடியிலும், குழித்துறை வழியாக வரும் தாமிரபரணி தேங்காய்ப்பட்டணத்திலும் கொண்டுவந்து கொட்டும். அப்போதும் கலங்கல்தான்.

விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருக்கும் காலத்தில் கடல் காலியாக இருக்குமே, அப்போது வரலாமா என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. படகு குறைவது உண்மை, ஆனால் அதில் பெரும்பகுதி காற்றுக்காலம். வேண்டுமானால் நல்ல மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பாருங்கள். எங்கள் கடற்கரையில் பல ஊர்களில் அன்றைக்குத் தொழிலுக்குப் போக மாட்டார்கள்.

எந்த மாதமானாலும் காலையில் போவதே நல்லது. மதியத்துக்கு மேல் கடற்காற்று எழும்பிவிடும்.

அன்றைக்குக் கடல் எப்படி இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

புதிதாக வருகிறவருக்கு நான் சொல்லும் எளிய வழி: விவேகானந்தர் பாறைக்கு அரசின் பூம்புகார் படகு ஓடுகிறதா என்று பாருங்கள். கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் பாறைக்கே படகை நிறுத்திவைத்த நாளில், யார் என்ன சொன்னாலும் டைவுக்குப் போகாதீர்கள். பாறைப் படகு ஓடுகிறது என்பதற்காக மட்டும் டைவுக்கும் சரி என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

இன்னொன்று கள்ளக்கடல். உள்ளூரில் காற்று இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். தெற்கே எங்கோ தூரத்துப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை, நாட்கணக்கில் பயணம் செய்து வந்து நம் கரையில் ஏறும். 2024 மே மாதம் நம் மாவட்டத்து லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் உயிரிழந்தது இப்படிப்பட்ட எச்சரிக்கை இருந்த நேரத்தில்தான். படிக்கிற வயதுப் பிள்ளைகள். அதை நினைத்தால் இன்றும் மனது கனக்கிறது. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் அலை எச்சரிக்கையை முன்கூட்டியே வெளியிடுகிறது. வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையும் தினமும் வருகிறது. இரண்டையும் முந்தைய நாள் இரவும் அன்று காலையும் பாருங்கள்.

அப்புறம், கரையில் வலை பிரித்துக்கொண்டிருக்கும் பெரியவர் யாரிடமாவது "இன்னைக்கு நீவாடு எப்படி?" என்று கேளுங்கள். நீரோட்டத்தை அவர்கள் சொல்வது போல் எந்தச் செயலியும் சொல்லாது. முனைப் பக்கம் நீவாடு ஒரே நாளில் திசை மாறும்.

கோவளத்தில் டைவ் என்று விளம்பரம் பார்த்தேன். பக்கத்தில்தானே?

எந்தக் கோவளம் என்று முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். கன்னியாகுமரிக்கு மேற்கே சில கிலோமீட்டரில் ஒரு மீனவ ஊர் கோவளம். திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சுற்றுலாக் கோவளம் வேறு, அது சாலை வழியே சுமார் 85 கி.மீ. சென்னைக்குத் தெற்கே மூன்றாவது கோவளமும் உண்டு. மூன்றுமே கடற்கரை என்பதால் பெயரை மட்டும் பார்த்து முன்பணம் அனுப்பிவிடாதீர்கள். கிழக்கே மன்னார் வளைகுடாப் பக்கம் போக நினைத்தால், அங்கே 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவித்திருக்கிறார்கள். அந்த எல்லைக்குள் நினைத்தபடி இறங்க முடியாது.

கைடிடம் என்ன கேட்க வேண்டும்?

இடம், மாதம், மீன் எல்லாவற்றையும்விட உங்களை அழைத்துப் போகிறவர் யார் என்பதுதான் முக்கியம். வெட்கப்படாமல் கேளுங்கள்.

பயிற்சியாளர் சான்றிதழ் இருக்கிறதா, இந்த ஆண்டு புதுப்பித்திருக்கிறாரா? தண்ணீருக்குள் ஒரு கைடுக்கு எத்தனை பேர்? முதல் தடவை இறங்குகிறவருக்கு ஒருவருக்கு ஒருவர் என்பதே நல்லது, இரண்டு பேர் என்றால் ஏற்கலாம், அதற்கு மேல் வேண்டாம். நாம் கீழே இருக்கும்போது படகில் ஓட்டத் தெரிந்த ஒருவர் இருப்பாரா? படகில் ஆக்ஸிஜன், முதலுதவிப் பெட்டி, உயிர்காப்பு உடை, வயர்லெஸ் இருக்கிறதா? டேங்கைக் கடைசியாக எப்போது சோதனைக்கு அனுப்பினார்கள்? அவசரம் என்றால் எந்த மருத்துவமனை, உடம்பில் உண்டான காற்றுக் குமிழியைக் கரைக்கும் அழுத்த அறை சிகிச்சை எங்கே கிடைக்கும்?

இதில் எதற்காவது "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால் திரும்பி வந்துவிடுங்கள். நல்ல கைடு இந்தக் கேள்விகளை விரும்புவார். அவரே உங்களிடம் மருத்துவப் படிவத்தை நீட்டுவார், கரையோரமாக இடுப்பளவு தண்ணீரிலோ குளத்திலோ மாஸ்க்கில் ஏறிய தண்ணீரை வெளியேற்றவும் ரெகுலேட்டரைக் கழற்றி மாட்டவும் பழக்குவார். கடல் சரியில்லை, இன்று வேண்டாம் என்று சொல்லி வருமானத்தை விடுகிற கைடு கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள். விடுமுறையில் ஒரு நாளைக் கூடுதலாக வைத்துக்கொண்டு வந்தால் அவர் சொல்வதைக் கேட்க உங்களுக்கும் மனசு வரும்.

உடம்புக்கு என்ன இருந்தால் போகக் கூடாது?

ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், முன்பு நுரையீரல் சுருங்கிய வரலாறு, காசநோய் வந்துபோன நுரையீரல், காது அறுவை சிகிச்சை, கட்டுக்குள் இல்லாத சர்க்கரை அல்லது ரத்த அழுத்தம். இதில் ஏதாவது இருந்தால் ஊரிலேயே மருத்துவரைப் பார்த்து, எழுத்தில் ஒப்புதல் வாங்கி வாருங்கள். கர்ப்பிணிகள் கட்டாயம் தவிர்க்க வேண்டும். படிவத்தில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டுப் போவது உங்களையும் கைடையும் சேர்த்து ஆபத்தில் தள்ளும். முந்தைய இரவு மது வேண்டாம்.

கண்ணாடி போடுகிறேன், மீசை இருக்கிறது, நகை?

சாஃப்ட் கான்டாக்ட் லென்ஸ் போட்டு இறங்கலாம். பவர் வைத்த மாஸ்க்கும் உண்டு, முன்கூட்டியே கேளுங்கள். மீசை இருந்தால் மாஸ்க்கின் கீழ் விளிம்பில் கொஞ்சம் தண்ணீர் கசியும், மூக்கால் ஊதி வெளியேற்றக் கற்றுக்கொண்டால் போதும். மோதிரம், செயின், கொலுசு எல்லாம் அறையிலேயே இருக்கட்டும்.

படகில் வாந்தி வருமோ என்று பயம்.

வரலாம். வெறும் வயிற்றோடு போனால்தான் அதிகம் வரும். இரண்டு மணி நேரத்துக்கு முன் இரண்டு இட்லி போதும், எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். மாத்திரை போடுவதென்றால் மருத்துவரிடம் கேட்டு, ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போடுங்கள். அவோமின் போன்றவை தூக்கத்தைக் கொண்டுவரும், அது டைவுக்கு ஆகாது. எது உங்களுக்கு ஒத்துக்கொள்கிறது என்று வேறொரு நாள் கரையில் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

டீசல் புகை வரும் பக்கம் உட்காராதீர்கள். கைபேசியைப் பார்க்காமல் கரையைப் பாருங்கள். மருந்துவாழ் மலையும், அலங்கார உபகார மாதா கோயிலின் வெள்ளைக் கோபுரமும் வெகுதூரம் தெரியும். நம் மீனவர்கள் மலையையும் கோபுரத்தையும் நேர்க்கோட்டில் வைத்துக் கணியம் பார்த்துத்தான் கடலடியில் பார் எனப்படும் பாறைத்திட்டு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறார்கள். படகோட்டி அண்ணனைக் கேட்டால் காட்டித்தருவார், வயிற்றையும் மறந்துவிடுவீர்கள்.

படகிலிருந்து எப்படிக் குதிப்பது? எப்படித் திரும்ப ஏறுவது?

ஃபைபர் வள்ளம் என்றால் விளிம்பில் கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, ஒரு கையால் மாஸ்க்கையும் ரெகுலேட்டரையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய வேண்டும். பிசிடி எனப்படும், காற்றடைத்து மிதக்க உதவும் உடையில் முன்பே காற்று நிரப்பியிருப்பதால் உடனே மிதந்து மேலே வருவீர்கள். கைடு சொல்லாமல் சாயாதீர்கள்.

ஏறுவதுதான் கடினம். ஏணி இல்லாத வள்ளம் என்றால் எடைப் பட்டையையும் டேங்கையும் தண்ணீரிலேயே கழற்றி மேலே கொடுத்துவிட்டு, ஃபின்னால் பலமாக உதைத்து எழும்ப வேண்டும். என்ஜின் நின்றுவிட்டதாகச் சைகை வரும் வரை படகின் பின்பக்கம் போகவே கூடாது. ஏணி இருக்கிறதா என்று பதிவு செய்யும்போதே கேட்பது நல்லது, குறிப்பாக மூட்டு வலி உள்ளவர்கள்.

கீழே எப்படிப் பேசிக்கொள்வது?

கையால். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த வட்டம் என்றால் எல்லாம் நலம். கட்டைவிரலை உயர்த்தினால் "மேலே போவோம்" என்று அர்த்தம். நம் ஆட்கள் மீனைப் பார்த்த மகிழ்ச்சியில் கட்டைவிரலைக் காட்டிவிட, கைடு மேலே கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். உள்ளங்கையை ஆட்டினால் ஏதோ சரியில்லை. மூடிய கையை நெஞ்சில் வைத்தால் காற்று குறைந்துவிட்டது. கழுத்தை அறுப்பது போல் காட்டினால் காற்றே இல்லை.

என்ன பார்க்கலாம்? சுறா இருக்குமா?

கரையில் தெரியும் பாறைகள் தண்ணீருக்குள்ளும் பார்களாகத் தொடர்கின்றன. அதன் இடுக்குகளில்தான் வாழ்க்கை. களவா ஒரு பொந்தின் வாசலில் அசையாமல் நிற்கும். அஞ்சாளை வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும், கடிப்பதற்காக அல்ல, அது சுவாசிக்கும் விதமே அப்படி. சிங்கிறாலின் மீசை மட்டும் வெளியே தெரியும். பாரைக் கூட்டம் ஒரு நொடியில் கடந்து போகும். கணவாய் உங்கள் கண் முன்னே நிறம் மாறும். சந்தையில் கூடைகூடையாகப் பார்த்த மீன்களை உயிரோடு, அவற்றின் வீட்டில், அவற்றின் உண்மையான நிறத்தில் பார்ப்பது வேறு அனுபவம். இதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

ஆழம் கூடக்கூடச் சிவப்பு நிறம் முதலில் மறையும், கைடின் டார்ச் பட்டதும் அது திரும்பி வரும். மாஸ்க் வழியே எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், அதனால் "இவ்வளவு பெரிய மீன்" என்று சொல்வதில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

சுறாவைப் பார்ப்பதே அபூர்வம். நிஜமாகக் கவனிக்க வேண்டியவை வேறு: பாறையில் சிக்கிக் கிடக்கும் அறுந்த வலை, தூண்டில் நரம்பு, கறுப்பு முள் நீட்டியிருக்கும் கடல் முள்ளெலி, கல்லைப் போலவே கிடக்கும் ஸ்டோன் ஃபிஷ், மேலே போகும் படகுகள். எதையும் தொடாமல், எதன் மீதும் நிற்காமல் இருந்தால் பெரும்பாலும் பிரச்சினையில்லை. கைடிடம் வலை அறுக்கும் கத்தியும், மேலே வரும் முன் விடும் அடையாள மிதவையும் இருக்க வேண்டும்.

சங்கு, பவளம் ஏதாவது எடுத்து வரலாமா?

கூடாது. பவளம், கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. காலிச் சிப்பியில்கூட ஒரு நண்டு குடியிருக்கலாம்.

பாதியில் பயம் வந்துவிட்டால்?

வந்தால் உடனே சொல்லுங்கள். நில், மூச்சு விடு, கைடைப் பார், சைகை காட்டு, அவ்வளவுதான். மேலே பாய்ந்து வருவதுதான் ஆபத்து. இரண்டு மீட்டரிலேயே திரும்பி வந்தாலும் அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. கூட வந்த மாமாவோ தங்கையோ கிண்டல் செய்வார்களே என்று கீழே பொறுத்துக்கொண்டிருக்காதீர்கள். குடும்பத்தாரிடமும் ஒரு வேண்டுகோள்: தயங்குகிறவரைத் தள்ளாதீர்கள்.

மறுநாள் விமானம். அல்லது கொடைக்கானல் போகிறோம். சரிதானே?

பலர் கேட்க மறக்கும் கேள்வி. அழுத்தத்தில் சுவாசிக்கும்போது ரத்தத்திலும் தசையிலும் கூடுதல் நைட்ரஜன் கரைந்துவிடும், அது மெல்ல மெல்லத்தான் வெளியேறும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த உயரத்துக்குப் போனால் குமிழியாக வெளிப்படும். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரமும், பல டைவ் என்றால் 18 மணி நேரமும் விமானம் ஏறக் கூடாது என்பது டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் பரிந்துரை. 24 மணி நேரம் விட்டால் இன்னும் நல்லது.

மலைக்கும் இதே கணக்குதான். திருவனந்தபுரம் விமான நிலையத்தைப் பற்றிக் கேட்கிறவர்கள் மலையை மறந்துவிடுகிறார்கள். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர், மூணாறு 1,500 மீட்டருக்கு மேல், மாஞ்சோலைகூட ஆயிரத்தைத் தாண்டும். காலையில் கடலுக்குள் இறங்கிவிட்டு மாலையில் காரில் மலையேறுவது விமானத்தில் ஏறுவதற்குச் சமம். திட்டம் போடும்போதே மலையை முதலில் வைத்து, குமரியைக் கடைசியில் வையுங்கள். டைவ் முடிந்த நாளை நாகர்கோவில், பத்மநாபபுரம் அரண்மனை என்று தரையிலேயே கழிக்கலாம்.

டைவ் முடிந்து 24 மணி நேரத்துக்குள் மூட்டு வலி, மரத்துப்போதல், தலைசுற்றல், தோலில் புள்ளிப்புள்ளியாகத் தடிப்பு, காரணமில்லாத கடும் சோர்வு வந்தால் தூங்கி எழுந்தால் சரியாகும் என்று விடாதீர்கள். 108-ஐ அழையுங்கள், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நாகர்கோவிலை ஒட்டியே இருக்கிறது. ஸ்கூபா செய்தேன், இவ்வளவு ஆழம், இவ்வளவு நேரம் என்று மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள், ஆக்ஸிஜன் கேளுங்கள். கடலில் இருக்கும்போது அவசரம் என்றால் கடலோரக் காவல் படையின் எண் 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093. இரண்டையும் படகில் ஏறும் முன்பே கைபேசியில் பதிந்து, கரையில் நிற்கும் வீட்டாருக்கும் கொடுத்துவிட்டுப் போங்கள்.